வேப்பேரி டூ திருநெல்வேலி!

காலேஜ் பாதியில இருக்கும்போது, 'பேசாம வேற காலேஜுக்கு மாறிடலாமா?'ன்னு உங்களுக்குத் தோணியிருக்கா? எனக்குத் தோணுச்சு. தோணினதோட நிக்காம லெட்டரே எழுதிட்டேன்!

நான் சிவகாசிக்காரி. அம்மா பட்டாசு ஃபேக்டரியில சரம் பின்றவங்க. 2016-ல ப்ளஸ் டூ மார்க் கைகொடுக்க, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில சீட். 1903-ல ஆரம்பிச்ச காலேஜ். எங்க தெருவே பெருமைப்பட்டுச்சு ('மாட்டு டாக்டரா?'ன்னு இழுத்த சில மாமாக்களைத் தவிர).

2018 அக்டோபர் 23. சரவெடி கூடாது, பேரியம் கூடாது, ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் வெடிக்கணும்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு. அம்மா பின்றதே சரம்தான்! அந்தத் தீபாவளிக்குப் பொதிகையில டிக்கெட் கிடைக்கல. ராத்திரி காலேஜ் ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். வெடிச் சத்தத்துல மிரண்டு ஓடி, வண்டியில அடிபட்ட ஒரு தெரு நாயைத் தூக்கிட்டு வந்திருந்தாங்க. வெளியில ஒவ்வொரு வெடிக்கும் அதுக்கு உடம்பு தூக்கிப் போடுது. தலையைப் பிடிச்சுக்கிட்டது நான். பக்கத்துல நின்ன க்ளாஸ்மேட், "எல்லாம் உங்க ஊர் சரக்குதான்டி"ன்னா. விளையாட்டாத்தான் சொன்னா. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. என் மெஸ் பில்லும் அந்தச் சரக்குல இருந்து வந்ததுதானே?

தீபாவளி முடிஞ்சதும் ஃபேக்டரிகளை மூடிட்டாங்க. எப்போ திறப்பாங்கன்னு யாருக்கும் தெரியல.

அப்போதான் திருநெல்வேலி ஞாபகம் வந்துச்சு. ராமையன்பட்டியில 2012-ல இருந்து வெட்னரி காலேஜ் இருக்கு. அதே யுனிவர்சிட்டி, அதே டிகிரி. சாத்தூர் போய் பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். வேப்பேரியில நாய், பூனை க்யூ கட்டி நிக்கும். அங்கே போனா எங்க பக்கத்து கன்னி ஆடு, வேம்பூர் ஆடுன்னு பார்க்கலாம். காரணம்கூட ரெடி!

சீனியர் ஒருத்தர் நிதானமா சொன்னார்: "முதல்ல அங்கே காலி இடம் இருக்கணும். நடு வருஷத்துல மாறினா அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க் என்ன ஆகும்னு கேளு. வாய் வார்த்தையை நம்பாதே, எழுத்துல வாங்கு." நீங்களும் மாறுற ஐடியாவுல இருந்தா இதை நோட் பண்ணிக்கோங்க.

லெட்டர்ல 'குடும்பச் சூழ்நிலை'ன்னு எழுதியிருந்தேன். அதைப் படிச்ச சார் ஒருத்தர், "மாறினா மாசம் எவ்வளவு மிச்சமாகும்? கணக்குப் போட்டுட்டு வாம்மா"ன்னார். போட்டேன். அங்கேயும் ஹாஸ்டல், அங்கேயும் மெஸ். மிச்சமாகறது வருஷத்துல நாலைஞ்சு ட்ரெயின் டிக்கெட். வாராவாரம் வீட்டுக்குப் போனா பஸ் செலவு அதையும் தாண்டும்!

அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.

"பக்கத்துல வந்து என்ன செய்யப் போறே பாப்பா? நானே சரம் இல்லாம உட்கார்ந்திருக்கேன். ரெண்டு பேருமா சேர்ந்து உட்காரவா?"

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. பணத்துக்காக நான் அந்த லெட்டரை எழுதலை. 'உங்க ஊர் சரக்கு'ங்கிற வார்த்தை காதுல விழாத இடத்துக்கு ஓடப் பார்த்திருக்கேன். ஆனா, திருநெல்வேலியிலயும் தீபாவளி வரும், நாய்களும் இருக்கும்.

லெட்டரைக் கொடுக்கலை. கிழிக்கவும் மனசு வரலை, சர்ஜரி நோட்டுக்குள்ள ரொம்ப நாள் கிடந்துச்சு. அந்த க்ளாஸ்மேட்டை அடுத்த லீவுல ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மா விரலைப் பார்த்துட்டு, அவ அன்னிக்கு முழுக்க அதிகம் பேசலை.

2019-ல ஃபேக்டரி திறந்தாங்க. அம்மாவுக்கு சரம் போச்சு, பெட்டி அடைக்கிற வேலை கிடைச்சது. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிற சித்திகிட்ட என் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தவங்க, திடீர்னு என் பக்கம் திரும்பி, "ஏ பாப்பா, அந்த நாய் பொழச்சுதா?"ன்னாங்க.

"கால் கொஞ்சம் தாங்கும். ஆனா பொழச்சிடுச்சும்மா."