தோல்முட்டை

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கூரத்துக்குத் திரும்பியதும், தோட்டத்தில் கொட்டகை போட்டு முப்பது வெள்ளை லெகார்ன் கோழிகளை வாங்கி விட்டேன். "வேளைக்கு ஒரு மாத்திரை போடுற வயசுல கோழி எதுக்குங்க?" என்றாள் வீட்டுக்காரி. 1989-இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கொடுக்க ஆரம்பித்தபோது, பிள்ளைகள் தட்டில் எண்ணி எண்ணி வைத்தவன் நான். முட்டையைத்தான் எண்ணினேனே தவிர, அதை இட்ட கோழி என்ன தின்றது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மக்காச்சோளம், நொய், தவிடு, கடலைப் பிண்ணாக்கு, கொஞ்சம் கருவாட்டுத் தூள். இதுதான் நான் போட்ட தீவனம். ஐந்தாறு மாதம் நன்றாகத்தான் இட்டன. பிறகு எடுக்கும்போதே முட்டை நொறுங்கியது. சில நாள் ஓடே இல்லாத தோல்முட்டை. ஒரு நாள் காலை, தவறாமல் முட்டையிட்டு வந்த கோழி ஒன்று கால் மடங்கி உட்கார்ந்தது. எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் செத்துப்போனது.

விசாரித்தபோது சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள். ஒரு முட்டையின் ஓட்டுக்கு 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு கட்ட 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி கோழி தூங்கும் இரவு நேரம். தீவனத்தில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும்.

கிளிஞ்சல் வாங்கி இடித்துப் போட்டேன். கோழிகள் தெம்பாக நடமாடின. ஆனால் ஓடு தேறவில்லை. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு பங்காகப் போட்டேன். அப்போதும் முட்டை உடைந்தது.

கடைசியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். "சார், சுண்ணாம்பு மட்டும் இருந்தால் ஓடு ஆகிவிடாது. உள்ளே புரதத்தால் ஒரு பின்னல் இருக்கிறது. அதில்தான் சுண்ணாம்பு படிய வேண்டும். அந்தப் பின்னலுக்கு மாங்கனீசு வேண்டும். சுண்ணாம்பு படிவதற்கு துத்தநாகம் வேண்டும். ஓட்டுக்கு உள்பக்கம் இருக்கும் சவ்வுக்குத் தாமிரம் வேண்டும்" என்றார். தறிக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அது உடனே பிடிபட்டது. பாவு சரியில்லாமல் ஊடையை எவ்வளவு ஓட்டி என்ன பயன்?

நான் செய்த தப்பையும் சொன்னார். தவிட்டில் உள்ள ஒரு பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு அளவுக்கு மீறினால், மாங்கனீசும் துத்தநாகமும் உடம்பில் சேராது. நான் அள்ளிக் கொட்டியதே கெடுதலாகி இருக்கிறது.

கோழிக்கென்று உள்ள தாதுக் கலவை எழுதிக் கொடுத்தார். கிலோ தீவனத்துக்கு 1 கிராம். என் கோழிகள் ஒரு நாளைக்குத் தின்பது மூன்றேகால் கிலோ, பொடி மூன்று கிராம் சொச்சம். முதலில் ஒரு பிடி தவிட்டில் கலந்து, பிறகுதான் மொத்தத்தில் கலக்க வேண்டும். கண்ணளவில் போடக் கூடாது. அதிலுள்ள செலினியம் அளவு மிஞ்சினால் நஞ்சு. மாட்டுக் கலவையையும் போடக் கூடாது. கிளிஞ்சலைப் பழைய அளவுக்குக் குறைத்து, மாலையில் வைக்கச் சொன்னார். ஏழெட்டு வாரத்தில் ஓடு கெட்டிப்பட்டது. வயதான கோழி பெரிய முட்டை இடும், ஓடு மெலியத்தான் செய்யும். அதற்கு முழு மருந்து இல்லை.

"எங்க அம்மா வளர்த்த நாட்டுக்கோழிக்கு யார் பொடி போட்டாங்க?" என்றாள் இவள். கேள்வி நியாயம்தான். அது குப்பைமேட்டைக் கிளறி, கரையானும் கீரையும் தின்று, வேண்டியதைத் தானே தேடிக்கொண்டது. நாலு நாளைக்கு ஒன்று இட்டாலும் யாரும் கேட்கவில்லை. கொட்டகையில் அடைத்து, தினம் ஒரு முட்டை கேட்டால், வேண்டியதை நாம்தானே கொடுக்க வேண்டும்?

செத்த கோழியைப் புதைத்த அன்று அம்மா ஞாபகம் வந்தது. ஏழு பிள்ளை பெற்றவள். எல்லோருக்கும் போட்டுவிட்டு, பானையில் மிஞ்சியதைத் தின்பாள். நாற்பது வயதுக்குள் பல் கொட்டி, இடுப்பு வளைந்துவிட்டது. "எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். நாங்களும் நம்பினோம்.

இப்போது தினம் காலையில் சின்னத் தராசை வைத்துக்கொண்டு மூன்று கிராம் நிறுக்கிறேன். "நகைக்கடை திறந்தாச்சா?" என்று இவள் கேலி செய்கிறாள். செய்யட்டும். அவளுடைய மாத்திரை டப்பாவையும் இப்போது நான்தான் பார்த்து நிரப்புகிறேன்.