நானூறு ரூபாய் பந்து!

வாஷிங் மெஷினில் போடுவதற்கு முன் என்னவரின் பேன்ட் பாக்கெட்டைத் துழாவியபோது ஒரு பில் கிடைத்தது. கோல்ஃப் பந்து, ஒரு டஜன், ஐயாயிரத்துச் சொச்சம். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வகுத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஒரு பந்து நானூறு ரூபாய்க்கு மேல்! அந்த வாரம்தான் தக்காளி விலை ஏறிவிட்டதென்று ரசத்தில் ஒன்றைக் குறைத்திருந்தேன்.

முகப்பேர் கிழக்கில் ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில் இருக்கும் எங்களுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. என்னவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் 34 வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆன ஆறே மாதத்தில் நெஞ்சு வலி, ஒரு ஸ்டென்ட். "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க" என்றார் டாக்டர். பார்க்குக்குப் போவார், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். பேச்சே குறைந்துபோனது. சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட, "நீ போயிட்டு வா" என்பார்.

அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர்தான் நந்தனத்தில் இருக்கும் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போனார். "நடக்கத்தானே சொன்னாங்க? மட்டையோட நட!" அன்று ராத்திரி ஒன்பது மணி வரை என்னவர் பேசிக்கொண்டே இருந்தார். எந்த மரத்தில் பந்து பட்டது, எந்தக் குட்டையில் விழுந்தது என்று எல்லாம் சொன்னார். திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, நந்தனத்தில் இறங்கும் அந்த வாரப் பயணம் அப்படித்தான் ஆரம்பித்தது. நானும் தடுக்கவில்லை.

வினை வந்தது தூரத்தால். கூட ஆடுகிறவர்களின் பந்து இவருடையதைத் தாண்டி எங்கேயோ போய் விழும். இவர் பலத்தைக் கூட்டி வீச ஆரம்பித்தார். தோளைத் தேய்த்துக்கொண்டு வீடு திரும்பினார். ஒருநாள் சாயங்காலம் தோளை விட்டுவிட்டு நெஞ்சைத் தேய்த்தார். "கேஸ்தான்" என்றார். அன்று ராத்திரி முழுக்க நான் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அடுத்த வாரம் இந்த பில்.

"இந்தப் பந்து நல்லா தூரம் போகுமாம்" என்றார், குற்றவாளி மாதிரி.

நான் சண்டை போடவில்லை. "போகுதான்னு அளந்து பாத்துடலாங்க" என்று ஒரு நோட்டை எடுத்தேன்.

அளப்பதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எல்லா நிறுவனத்துக்கும் இதே விதிதான். மேலே இருக்கும் குழிகள் அலங்காரத்துக்கு இல்லை. வழவழப்பான பந்து, குழியுள்ள பந்து போகும் தூரத்தில் பாதிதான் போகும். அந்தக் காலத்தில் மலேயா பக்கத்து மரப்பாலில் செய்த பந்துகளால் ஆடியவர்கள், புதுப் பந்தைவிட அடிபட்டு வடுவான பழைய பந்து நன்றாகப் பறப்பதைக் கவனித்திருக்கிறார்கள். அப்புறம்தான் புதுப் பந்திலேயே வேண்டுமென்றே கீறல் போட ஆரம்பித்தார்கள்.

அடுத்தது சுழற்சி. சின்ன வயதில் சைக்கிள் டயரைப் பின்பக்கமாகச் சுழற்றி முன்னால் எறிந்திருக்கிறீர்களா? கொஞ்ச தூரம் போய் நின்று, நம்மிடமே திரும்பி வரும். கோல்ஃப் பந்தும் அப்படிப் பின்சுழற்சியோடுதான் கிளம்புகிறது. அந்தச் சுழற்சி பந்தைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறது. இதை 1890-களில் கணக்குப் போட்டுக் காட்டியவர் எடின்பரோ பேராசிரியர் பி.ஜி.டெய்ட். அவர் மகன் ஃப்ரெடி, 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். அப்பா கணக்கு, பிள்ளை ஆட்டம்! நல்ல குடும்பம்தான்.

தேர்ந்த ஆட்டக்காரர் பெரிய மட்டையால் அடித்தால் பந்து நிமிஷத்துக்குச் சுமார் 2,500 தடவை சுழலும். குழிக்கு அருகே இறக்குகிற சாய்ந்த மட்டையால் வீசி அடித்தால் 9,000 வரைகூடப் போகும். நம் வீட்டு மிக்ஸி வேகத்தில் ஏறக்குறைய பாதி! பிரச்னை என்னவென்றால், மட்டை கோணலாகப் பட்டால் அதே சுழற்சி பந்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். சுழற்சி கூடினால் பந்து விழுந்த இடத்தில் நிற்கும். தப்பும் பெரிதாகத் தெரியும்.

விலை வித்தியாசம் மேல்தோலில்தான் பெரும்பாலும் இருக்கிறது. கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகைக்கும் உள்ளே பூரணம் ரப்பர்தான். மலிவுப் பந்துக்கு மேல்மாவு கெட்டியான பிளாஸ்டிக். அது மட்டையில் வழுக்கும், சுழற்சி குறையும், நேராக ஓடும். விலை கூடிய பந்துக்கு நடுவில் இன்னொரு அடுக்கு, அதற்கு மேல் யூரித்தேன் என்கிற மெல்லிய, மிருதுவான தோல். சாய்ந்த மட்டையின் வரிப்பள்ளம் அந்தத் தோலைக் கவ்விப் பிடித்துச் சுழற்றிவிடும்.

கூட்டம் இல்லாத புதன்கிழமை மதியமாகப் பார்த்து நானும் கிளம்பினேன். "கேடி ஒருத்தர் கூட வருவார்" என்று என்னவர் சொன்னதும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளருக்கு அதுதான் பெயராம்! வந்த பையன் தங்கமானவன். பந்து விழுந்த இடத்தை அவன் காட்டுவான், நான் காலடியால் அளந்து நோட்டில் எழுதுவேன். ஒவ்வொரு முறையும் மலிவில் ஒன்று, விலை கூடியதில் ஒன்று. எதை முதலில் அடிப்பது என்பதையும் மாற்றி மாற்றி வைத்தேன். ஒருநாள் கணக்கை நம்பக் கூடாது என்பதால் மூன்று புதன்கிழமைகள்.

பெரிய மட்டையில் சராசரி: மலிவுப் பந்து 236 காலடி, விலை கூடியது 231. மலிவுப் பந்து நேராகவும் போனது. மற்றது அடிக்கடி வலது பக்கப் புதரைத் தேடிப் போனது.

குழிக்குப் பக்கத்தில் கதை மாறியது. நாற்பது காலடியிலிருந்து தூக்கிப்போட்டால், விலை கூடிய பந்து விழுந்து ஆறு காலடியில் நின்றது. மலிவுப் பந்து பதினொன்று வரை உருண்டது. கொடுத்த காசுக்குப் பலன் அங்கேதான் இருந்தது. ஆனால், என்னவர் அதை வாங்கியது அதற்காக இல்லையே!

அன்று ராத்திரி நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"அவங்க பந்து உங்களைத் தாண்டி நாப்பது காலடி போகுது. பந்தை மாத்தினா வர்ற வித்தியாசம் வெறும் அஞ்சு. அதுவும் சல்லிசான பந்துக்குத்தான் சாதகம். மீதி எல்லாம் அவங்க தோள்ல இருக்குங்க. அவங்களுக்கு அம்பது வயசு. உங்களுக்கு அறுபத்திரெண்டு."

ஸ்டென்ட் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அவர் நோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கணக்கும் எழுதி வைத்திருந்தேன். ஒன்பது குழி முடிக்க அவர் அடித்தது மொத்தம் 56. அதில் பெரிய மட்டைக்கு வேலை ஏழு தடவைதான். குழியிலிருந்து அறுபது காலடிக்குள் அடித்தது 14, கடைசியாக உருட்டிவிட்டது 19. ஆக, பாதிக்கு மேல் ஆட்டம் பக்கத்தில்தான் நடக்கிறது.

"அப்போ பக்கத்துல நல்லா நிக்கிற பந்தைத்தானே வாங்கணும்?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. தூரத்திலிருந்தே சரியாக இறக்கத் தெரிந்தவர், பந்தைத் தொலைக்காதவர் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். இவரோ மூன்று வாரத்தில் பன்னிரண்டில் ஐந்தைக் குட்டைக்கும் புதருக்கும் தானம் பண்ணியிருந்தார். தொலைந்துவிடுமோ என்ற பயத்திலேயே உடம்பு விறைத்துக்கொள்வதையும் நான் பார்த்தேன்.

முடிவை அவரேதான் எடுத்தார். ஒரே வகை மலிவுப் பந்து, எப்போதும் அதுதான். பதினொரு காலடி உருளும் என்று தெரிந்துவிட்டதால், அந்த அளவுக்கு முன்னாலேயே இறக்கிவிடுவது. நடுவில் மணல் பள்ளம் வந்தால் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒரு அடி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பந்து மிதமிஞ்சிய தூரம் போகிறதென்று, அதை அடக்கப் புது விதி கொண்டுவரப் போவதாக உலக கோல்ஃப் அமைப்புகளே 2023 டிசம்பரில் அறிவித்தன என்று படித்துக் காட்டினேன். சிரித்தார். "அப்ப ஊட்டிக்குப் போய் ஆடறேன். அங்க காத்து லேசு, தானா தூரம் போகும்" என்றார். அதுவும் உண்மைதான். ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கிற மைதானம் அது.

இப்போது தோளைத் தேய்ப்பதில்லை. மிச்சமிருக்கும் ஏழு நானூறு ரூபாய்ப் பந்துகள் ஷோகேஸில் பேத்தியின் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் யாரோ கேட்டிருக்க வேண்டும், எவ்வளவு தூரம் அடிக்கிறீர்கள் என்று. நான் அடுப்படியில் இருந்தேன். என்னவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னது காதில் விழுந்தது.

"இருநூத்தி முப்பத்தாறு. எங்க வீட்டம்மா காலடியில!"