பேஸ் கிடார் பராமரிப்புப் பதிவேடு

எழுபதைத் தாண்டிய நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். காது ஒரே நாளில் போவதில்லை. மேலிருந்து கீழாகப் போகிறது. இளம் வயதில் மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். வயது ஏற ஏற அதன் மேல் முனைதான் முதலில் தேய்கிறது. கொலுசுச் சத்தம் போகும், குருவிச் சத்தம் போகும், பிறகு பேச்சில் உள்ள ச, ஸ, ஷ எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். என் மனைவி "சாவி எங்கே?" என்றால் எனக்கு "ஆவி எங்கே?" என்று கேட்கிறது. இந்த வயதில் அது கொஞ்சம் சங்கடமான கேள்வி.

காது மருத்துவர் ஒரு வரைபடம் எடுத்துக் கொடுத்தார். இடது பக்கம் கோடு சமதரையாக வந்தது. வலது பக்கம் பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. வயதுக்குரியதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக் காதுக் கருவி எழுதிக் கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். எதிரே உட்கார்ந்து பேசினால் உதவுகிறது. பாட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் வாசிப்பது போல இருந்தது.

உண்மையான இழப்பு பாட்டில் இல்லை. கேட்காதபோது மனிதன் தலையாட்டப் பழகுகிறான். கல்யாண வீட்டில் தலையாட்டுகிறான், மருந்துக் கடையில் தலையாட்டுகிறான். பிரான்சில் துலூஸ் நகரில் வேலை பார்க்கும் என் பேரன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசுவோம். அது "சாப்பிட்டியா?", "குளிரா?", "சரி, வைக்கட்டுமா?" என்று மூன்று கேள்வியாகச் சுருங்கிப்போனது. தவறு யார் மேலும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

அப்போதுதான் அந்த வரைபடத்தின் இடது பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அங்கே கோடு விழவில்லை. அதாவது, கீழ் ஒலிகள் எனக்கு இன்னும் பழுதில்லாமல் கேட்கின்றன. யோசித்துப் பார்த்தால் அது சரிதான். துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் உறுமல் எனக்குக் கேட்கிறது. கப்பலின் சங்கு கேட்கிறது. எங்கள் திருவொற்றியூரில் பிறந்த புல்லட் தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடுகிறது. காதுக்கு மட்டுமல்ல, நெஞ்சுக்கும் தெரிகிறது.

பேரன் விட்டுச் சென்ற பேஸ் கிடார் அலமாரிக்குப் பக்கத்தில் உறைக்குள் நின்றுகொண்டிருந்தது. அதன் நான்கு கம்பிகளும் வெறுமனே மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நான்கும் என் வரைபடத்தில் சமதரை இருக்கும் கீழ் ஒலிப் பக்கத்தைச் சேர்ந்தவை. எனக்கு மிச்சமிருக்கும் காதுக்கு ஏற்ற வாத்தியம் வீட்டிலேயே இருக்கிறது என்று தெரிந்தது.

உறையைத் திறந்தால் நிலைமை மோசம். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருக்களும் ஒரு சாலையும்தான். ஜன்னல் கம்பியையே தின்னும் காற்று கிடாரை விட்டுவைக்குமா? கம்பிகள் பழுப்பேறியிருந்தன. சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பினால் பொரி வறுப்பது போலக் கரகரத்தது. கழுத்துப் பகுதி வில் போல முன்னால் வளைந்திருந்தது.

ராயபுரத்தில் ஒருவரைப் பிடித்தேன். கோயில் பாடற்குழுவிலும் மெல்லிசைக் குழுக்களிலும் முப்பது வருஷம் பேஸ் வாசித்தவர். மாஸ்டர் என்றே சொல்கிறேன். கருவியை மடியில் போட்டுப் பார்த்துவிட்டு, "சாவல சார், மூச்சு இருக்குது. ஆனா மொதல்ல இத்த பாத்துக்கக் கத்துக்கோங்க. வாசிக்கறது அப்பால" என்றார். அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த அறிவுரையும் கிட்டத்தட்ட இதுதான்: முதலில் பதிவேட்டை ஒழுங்காக வை.

எனவே ஒரு நீண்ட நோட்டு வாங்கினேன். தேதி, செய்த வேலை, குறிப்பு என்று மூன்று பத்தி போட்டேன். மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானவற்றை இங்கே தருகிறேன். கடலோரத்தில் எந்தக் கம்பி வாத்தியம் வைத்திருப்பவருக்கும் பயன்படும்.

வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைக்க வேண்டும். கை வியர்வையின் உப்பும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் நிக்கல் பூச்சு தாங்காது. பேஸ் கம்பி விலை அதிகம். அதனால் மந்தமாகிப்போன கம்பிகளைக் கழற்றிப் பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுப்பது பழைய வாத்தியக்காரர்களின் வழி. சுற்றுகளுக்கு நடுவே படிந்த அழுக்கு இளகி, சில வாரங்களுக்கு ஓசை திரும்ப வரும். எடுத்ததும் ஈரமில்லாமல் துடைத்துக் காயவைக்காவிட்டால், நம் ஊரில் மறுநாளே துரு.

அடுத்தது கழுத்து. நான்கு கம்பிகளும் சேர்ந்து அதைச் சுமார் 80 கிலோ விசையுடன் முன்னால் இழுக்கின்றன. ஒரு ஆள் எடை! அதை எதிர்த்துப் பின்னால் இழுக்கக் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்று பெயர். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து நகரும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. தடித்த கம்பியை முதல் கட்டத்திலும், கழுத்து உடலோடு சேருகிற கட்டத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவே ஏழாவது கட்டத்தில் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும். அதிகமிருந்தால் சாவி போட்டுக் கால் சுற்று இறுக்க வேண்டும். அதற்கு மேல் கூடாது. ஒரு நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். "மரம் மெதுவாத்தான் யோசிக்கும் சார்" என்றார் மாஸ்டர். ஓய்வூதியக் கோப்பும் அப்படித்தான் என்றேன்.

கரகரத்த குமிழுக்குள் மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைச் சிறிது அடித்து, இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருப்பினோம். சத்தம் நின்றது. கருப்பேறிய கட்டப் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று என் மனைவி கேட்டார். மாஸ்டர் பதறிவிட்டார். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். அதற்கென்று விற்கும் லெமன் ஆயில் இரண்டு சொட்டு, வருஷத்துக்கு இரண்டு முறை, அவ்வளவுதான். இன்னொன்று: உள்ளே 9 வோல்ட் பேட்டரி உள்ள பேஸ் கிடார்களில், ஒயரைச் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். வாசித்ததும் பிடுங்கிவிட வேண்டும்.

இனி வாசிப்பு. எனக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே சுரங்களுக்கு ஏ, பி, சி என்ற எழுத்துகள் கிடையாது. தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்று சொல்லித்தான் பாடவைத்தார்கள். மாஸ்டர் நான்கு கம்பிகளை ஈ, ஏ, டி, ஜி என்பார். நான் நோட்டில் மி, லா, ரே, சோல் என்று எழுதிக்கொள்வேன். சிறுவயதில் பாட்டுக் கற்ற என் மனைவி, "என்னங்க, இதுல 'ச' எங்கே இருக்கு?" என்பார்.

கேள்வி நியாயமானது. பிரெஞ்சுக்காரரின் 'தோ' ஒரே இடத்தில் நிற்பது. நம் 'ச' பாடுகிறவரின் குரலுக்கேற்ப நகர்வது. பேஸ் கிடாரின் அழகு என்னவென்றால், அது நம் பக்கம் சேர்ந்தது. வீணையின் மெட்டு போலக் கழுத்தில் பதித்த ஒவ்வொரு கட்டமும் ஒரு சுரஸ்தானம். பன்னிரண்டு கட்டம் ஏறினால் மேல் ச. ஒவ்வொரு கம்பியும் அதற்குக் கீழே உள்ள கம்பியின் 'ம'. அதாவது ஐந்து கட்டம் தள்ளி. நான்கு கம்பிகளுக்கும் இதே தூரம் என்பதால், ஒருமுறை கை பழகிய வடிவம் எங்கே வைத்தாலும் பொருந்தும். ச வைத்த கட்டத்துக்கு நேரே அடுத்த கம்பியில் ம. அதிலிருந்து இரண்டு கட்டம் மேலே ப. அதற்கும் அடுத்த கம்பியில், ப இருக்கும் அதே கட்டத்துக்கு நேராக மேல் ச. "அம்மா எங்க ச வெக்கிறாங்களோ, அங்க நாம போயிடலாம்" என்று மாஸ்டர் என் மனைவிக்குப் பதில் சொன்னார்.

சங்கராபரண ஆரோகணத்துக்கு விரல் கணக்கு இது. ஆள்காட்டி விரல் 1, சுண்டு விரல் 4 என்று வைத்துக்கொண்டால், முதல் கம்பியில் 2, 4. அடுத்ததில் 1, 2, 4. அதற்கடுத்ததில் 1, 3, 4. இதை நான் 24/124/134 என்று கோப்பு எண் போல மனப்பாடம் செய்தேன். நாற்பது வருஷம் கோப்பு எண்ணோடு வாழ்ந்தவனுக்கு இதைவிட எளிய இசைப் பாடம் கிடையாது.

எல்லாச் சுரமும் தெரிந்தாலும் பேஸில் பெரும்பாலும் ச, ப இரண்டும்தான் வேலை செய்கின்றன. "மேல மூணு பேரு ஆடுவாங்க சார். நாம கீழ நிக்கணும். நாம நவுந்தா எல்லாரும் வுழுவாங்க" என்றார் மாஸ்டர். அதன் பிறகு இளையராஜா பாடல்களைக் கேட்டால் எனக்கு வேறு பாட்டாக இருக்கிறது. முன்பு குரலை மட்டும் கேட்டேன். இப்போது குரல் பாதி போய்விட்டது. ஆனால் கீழே பேஸ் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போவது கேட்கிறது. அது அத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

இந்த வயதில் இந்த மேல்நாட்டு வாத்தியம் எதற்கு என்று கேட்ட நண்பர்களுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன். ஒன்று, இந்த வாத்தியத்தை 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்கே கிடார் வாசிக்கத் தெரியாது. ஆள் உயரத்துக்கு நிற்கும் பழைய பேஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிந்தவர்களுக்காக, தோளில் மாட்டும்படி இதைச் செய்தார்.

இரண்டாவது பதில் நம் ஊர்க்காரர்களுடையது. எனக்குப் பக்கத்து ஊரான மணலியில், 1800ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. அங்கிருந்து கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியம் கேட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் வடமொழி சாகித்தியம் செய்தார். அவைதான் நோட்டு சுரங்கள். தம்பி பாலுசுவாமி வயலின் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? வெளி வாத்தியத்தை மடியில் வாங்கி வைத்துக்கொள்வது வடசென்னைக்குப் புதிதல்ல.

இப்போது பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பழகிய ச, ப, மேல் ச மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் வாசித்துக் காட்டினேன். அவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. உடனே எழுதி அனுப்பினான்: "தாத்தா, உங்க கீழ் கம்பி போன்ல கேக்கவே இல்ல." கைபேசியின் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழ் ஒலியை எழுப்பச் சக்தி கிடையாதாம். அவன் பேச்சின் மேல் பாதி எனக்கு வருவதில்லை, என் வாசிப்பின் கீழ் பாதி அவனுக்குப் போவதில்லை. இரண்டு பேரும் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

பிறகு அவனே ஒரு வழி சொன்னான். நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அன்று மாலைக்குள் எட்டுக் கேள்வி வந்தது. ட்ரஸ் ராட் எந்தப் பக்கம் திருப்பினீர்கள்? பன்னிரண்டாவது கட்டத்தில் சுருதி சரியாக நிற்கிறதா? மழை தொடங்கிவிட்டதா? பாட்டி என்ன சொல்கிறார்? எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டுப் பதில் எழுதினேன். இப்போது வாரம் ஒரு பக்கம் போகிறது. அவன் பதிலில் கிடாரோடு சேர்த்து அவன் வேலை, அவன் சமையல், ஊருக்கு வரும் ஏக்கம் எல்லாம் வருகின்றன. எழுத்தில் எந்த ஒலியும் தேய்வதில்லை.

நோட்டின் அட்டையில் நான் பள்ளிப் பிரெஞ்சில் ஒரு சொல்லை எழுதி வைத்திருக்கிறேன்: அந்த்ரெத்தியன். பராமரிப்பு என்று பொருள். உரையாடல் என்பதற்கும் அந்த மொழியில் அதே சொல்தான். சிறுவயதில் ஒரு சொல்லுக்கு ஏன் இப்படி இரண்டு பொருள் என்று எனக்குப் புரிந்ததில்லை. துருப்பிடிக்க விடாமல் தினமும் கொஞ்சம் துடைத்து வைப்பது என்று பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான்.

காது மந்தமாகிவிட்டது என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் தங்கள் வரைபடத்தின் இடது பக்கத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேஸ் கிடார்தான் என்றில்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் அங்கேதான் இருக்கிறது. சத்தத்தை மட்டும் அளவோடு வையுங்கள். மிச்சமிருக்கும் காதும் பராமரிக்க வேண்டிய பொருள்தான்.

மேற்படி பதிவேட்டின்படி ஐப்பசி மழை விட்டதும் கழுத்தைச் சரிபார்க்க வேண்டும். புதுக் கம்பி ஒரு செட் பேரன் வாங்கி வருவதாக எழுதியிருக்கிறான்.