தந்தியில் விடுபட்ட சொல்

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் பேசும்போது 'எக்ஸ்ப்ளைன் மீ' என்று சொல்லக் கேட்டால், சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அருகில் அமர்த்தி, 'எக்ஸ்ப்ளைன் டு மீ' என்று திருத்துங்கள். அந்த 'டு' என்னும் சிறு சொல்லை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். பழி ஒரு பெரியவர் மீது விழுந்தது.

1986ஆம் ஆண்டு. வட ஆர்க்காட்டில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்தேன். முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். சென்னையிலிருந்த எங்கள் கிளையிலிருந்து கடிதம் வந்தது. மாதிரித் தோல்கள் வந்து சேர்ந்துவிட்டன; வெளிநாட்டு வணிகர்கள் ஓட்டலில் தங்கியிருக்கிறார்கள்; தரகர் பெரியவர் பெரியமேட்டில் தம் வீட்டில் காத்திருக்கிறார்; மேற்கொண்டு என்ன செய்வது?

"மாதிரிகளை அவருக்கு அனுப்பச் சொல். அவர் பார்த்துத் தரம் பிரித்த பிறகுதான் வெள்ளைக்காரர் கண்ணில் படவேண்டும்" என்றார் முதலாளி.

அஞ்சலகத்தில் படிவம் வாங்கி எழுதினேன். தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம் என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். முதலாளியின் காசை மிச்சம் பிடிக்கும் ஆர்வத்தில் 'டு'வை அடித்துவிட்டேன். எஞ்சியது: 'ஸெண்ட் தெம் ஹிம் பிஃபோர் ஃப்ரைடே'. அவற்றை அவருக்கு வெள்ளிக்கு முன் அனுப்புக. என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கிளையில் அதை வேறுவிதமாகப் படித்தார்கள். பெரியவருக்கு ஆள் அனுப்பி, உடனே ஓட்டலுக்குப் போகச் சொன்னார்கள். அவரும் வெறுங்கையோடு போய் நின்றார். சரக்கு எங்கே என்று வணிகர்கள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மறுநாள் அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். மாதிரிகள் கிளை அலுவலகத்தில் மூட்டை பிரிக்காமலே கிடந்தன.

"உம்மை யார் அங்கே போகச் சொன்னது?" என்று முதலாளி சீறினார். பெரியவர் தந்தியை எடுத்து நீட்டினார். முதலாளி அதை என்னிடம் தந்து படிக்கச் சொன்னார். நான் எண்ணியபடியே தமிழில் படித்துக் காட்டினேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் அந்தத் தொழிற்சாலையின் தரகு அவருக்கு வரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், என் மகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுக்க அமர்ந்தேன். அவளுடைய பாடநூலில் அந்த விதி இருந்தது. 'கிவ்', 'ஸெண்ட்', 'ஷோ' போன்ற வினைகளுக்குப் பின் 'டு' இல்லாமல் இரு பெயர்கள் அடுத்தடுத்து வந்தால், முன்னால் நிற்பது பெறுபவர், பின்னால் நிற்பது அனுப்பப்படும் பொருள். அப்படியானால் என் தந்தி என்ன சொன்னது? 'அவர்களிடம் அவரை அனுப்புக.' புத்தகத்தை மூடிவிட்டேன். வாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று மகள் கேட்டாள்.

தமிழில் இந்த ஆபத்து இல்லை. 'அவற்றை அவருக்கு' என்றாலும் 'அவருக்கு அவற்றை' என்றாலும் ஒன்றே. 'ஐ' உருபும் 'கு' உருபும் எங்கே நின்றாலும் தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி உருபுகள் இருந்தன, பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. அவற்றின் வேலையைச் சொல் நிற்கும் இடமும் 'டு'வும் ஏற்றுக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் 'ஹிம்' என்றாலே 'அவனுக்கு' என்றுதான் பொருள். 'அவனை' என்பதற்கு 'ஹினே' என்று வேறு சொல் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுத்தராக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்!

ஆங்கிலேயரும் இரண்டு இடத்திலும் 'தெம்', 'ஹிம்', 'இட்' போன்ற சொற்கள் வந்தால் பெரும்பாலும் 'டு' சேர்த்தே பேசுகிறார்கள். 'கிவ் இட் டு மீ' என்பதே எங்கும் செல்லும். 'கிவ் மீ இட்' என்பாரும் உண்டு. வட இங்கிலாந்தில் 'கிவ் இட் மீ' என்றுகூடச் சொல்வதுண்டு. பொருளை ஆளுக்குத் தருவதா, ஆளைப் பொருளுக்குத் தருவதா என்ற ஐயம் அதில் எழாது. என் தந்தியிலோ இரண்டு சொல்லும் ஆட்களைக் குறிக்க வல்லவை.

'எக்ஸ்ப்ளைன்', 'டிஸ்க்ரைப்', 'சஜஸ்ட்' போன்றவை லத்தீன் வழி வந்தவை. அவ்வழி வந்தவற்றுள் பல 'டு' இல்லாமல் ஆளை ஏற்பதில்லை. ஆனால் வம்சம் பார்த்து மட்டும் முடிவு செய்துவிட முடியாது. 'டெல் மீ' சரி, 'ஸே மீ' தவறு. இரண்டுமே பழைய ஆங்கிலச் சொற்கள்தாம். பிள்ளைகள் வினையோடு சேர்த்தே மனனம் செய்யட்டும்.

அந்த வாரமே பெரியமேட்டுக்குச் சென்றேன். பெரியவர் இருந்தார், அல்ஹம்துலில்லாஹ். காது மந்தமாகியிருந்தது. ஸலாம் சொல்லி, பக்கத்தில் அமர்ந்து, உரக்க எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சொல்லுக்கு என்ன காசு தம்பி?" என்றார்.

"சில்லறைக் காசுதான் ஹாஜியார்" என்றேன்.

"உன் முதலாளி இருக்கிறாரா?"

மௌத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு, எனக்குத் தேநீர் கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார்.