சத்தம் வெறும் சத்தமாக இருந்த காலம்

சனிக்கிழமைச் சாயங்காலங்களை நினைத்தால் இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. அப்பா கூலி வாங்கி வரும் நாள். தெருமுனையிலேயே சைக்கிள் பெல் கேட்கும். மஞ்சள் பையில் எங்களுக்குக் காராச்சேவு. அம்மாவுக்கு வாழையிலையில் சுற்றிய பிச்சிப்பூ. "ஏட்டி, எங்க போயிட்டீங்க எல்லாரும்?" என்று நடையில் நின்றே கூப்பிடுவார். அந்தக் குரலைத்தான் முதலில் தொலைத்தோம். பின்னாளில் அதே தொண்டையிலிருந்து வந்தது வேறு யாருடைய குரலோ.

அடுத்துப் போனது அம்மாவின் பாட்டு. மாவாட்டும்போது பாடிக்கொண்டே இருப்பாள். அப்பா குடிக்கத் தொடங்கிய பிறகு பாடவில்லை. பாடினால் தெருச் சத்தம் காதில் விழாதே. செருப்பு உரசுகிற விதத்திலேயே, வாசல் கொக்கி விழுகிற வேகத்திலேயே, எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க அம்மா, அண்ணன், நான் மூவரும் பழகியிருந்தோம். "இன்னைக்குச் சும்மாதான் வாராரு" என்று அம்மா மெல்லச் சொன்ன பிறகுதான் மூச்சு இறங்கும்.

பிறகு அண்ணனின் பேச்சு. ராத்திரியில் பாயில் படுத்துக்கொண்டு சினிமாக் கதையைச் சண்டைக் காட்சியோடு சொல்லி முடிப்பவன், கூட்டாளி வீட்டில் தூங்க ஆரம்பித்தான். அவன் தப்பித்துவிட்டான் என்று எனக்குக் கோபம். தனியாகப் படுத்திருந்தேன், கண்ணை மூடி, காதைத் திறந்து.

ரொம்பக் காலம் கழித்துத்தான் இந்தப் பயத்தைப் பற்றிப் படித்தேன். ஆபத்தை மோப்பம் பிடிக்க அமிக்டலா என்றொரு சிறு பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. இரவுதோறும் அதை எழுப்பிக்கொண்டே இருந்தால் கார்ட்டிசால் சுரப்பதும் ஓயாது; நெற்றிக்குப் பின்னால் இருந்து நிதானமாக யோசிக்கிற பகுதி தளர்ந்துபோகும். குடித்தவர் ஒருவர்தான். ஒரு சொட்டும் தொடாத எங்கள் மூளைகளும் மாறிப்போயின.

இப்போது தூரத்து ஊரில் பத்தாவது மாடியில் இருக்கிறேன். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிறது, மெத்தை நன்றாக இருக்கிறது, கணவர் குடிப்பதில்லை. இருந்தும் ராத்திரி லிப்ட் திறந்தால் பிடரி இறுகுகிறது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், "என்ன கோபம்?" என்று கேட்டுவிடுகிறேன். பாவம், அவர் தினத்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

குடிப்பவரின் வீட்டாருக்கும் உதவி தேவை என்று சிலர் முன்பே உணர்ந்திருந்தார்கள். குடியை விட முயல்வோர் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-ல் அல்-அனானைத் தொடங்கினார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் சிகிச்சை மையம் அமைத்தார். வீட்டாருக்கும் அங்கே கவனிப்பு உண்டு. எங்கள் தெருவில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? உனக்கும் வைத்தியம் வேண்டும் தாயி என்று அம்மாவிடம் ஒருவராவது சொல்லியிருந்தால், அவள் அழுதிருப்பாள், பிறகு ஒருவேளை பாடியும் இருப்பாள்.

இப்படியொரு வீட்டில் வளர்ந்தவராக நீங்களும் இருந்தால், நான் எதற்காக ஏங்குகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு சத்தம் கேட்டால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று கணக்குப் போடாத காது. அவ்வளவுதான்.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் இருக்கிறான், போனில் பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு வரியையும் பேசி வைத்துவிடுகிறோம். அந்த ராத்திரிகளைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை. அடுத்த முறை அவனிடம் கேட்கப் போகிறேன்: அண்ணே, உனக்காவது தூக்கம் வருதா?