பழைய மேளத்தைக் கழற்றும் கை

தஞ்சாவூர் வீணையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலா மரத்தில் தொடங்கி யாளி முகத்தில் முடித்துவிடுவார்கள். பண்ருட்டிப் பலா, ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை, 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு எல்லாம் நிறையவே எழுதியாகிவிட்டது. தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறைக்கு நான் போனது, வருடக்கணக்கில் வாசித்துத் தளர்ந்த வீணைக்குப் புது மேளம் கட்டுமுன் பழைய மேளத்தைக் கழற்றுவதைப் பார்க்க.

வீணையின் கழுத்தான தண்டியின் இரு ஓரமும் வரப்பு போல ஓடும் கறுப்பு மெழுகும், அதில் பதிந்த 24 மெட்டுகளும் சேர்ந்ததுதான் மேளம். ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு இந்தக் கணக்கு. மெட்டுகளை நிலையாகப் பதித்தது 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் என்று இசைவாணர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். மெழுகென்பது தேன்மெழுகும் கரித்தூளும் குங்கிலியமும் கலந்தது.

அன்று பட்டறை ஆசாரியின் முன்னால் இருந்தது கும்பகோணம் பக்கத்துப் பாட்டு டீச்சர் ஒருவரின் வீணை. ஏழு தந்திகளையும் பிரடையைத் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாகவே தளர்த்தினார். தந்தி போன பின்னும் உளியை எடுக்கவில்லை. ஒவ்வொரு மெட்டின் மேலும் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். வீணையில் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதால் தேய்மானம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, மெட்டின் நீளத்தில் பரவிவிடும். எந்த மெட்டில் பள்ளம் ஆழம் என்பதை வைத்தே வாசிப்பவரின் கையைச் சொல்கிறார்.

“நல்லா இழுத்து வாசிக்கிறாங்க தம்பி. இதைக் கழட்டுறதுக்கு முன்னாடி பாத்துக்கிட்டாத்தான் உண்டு. அப்புறம் அரத்தைப் போட்டுட்டா ஒண்ணும் தெரியாது.”

பிறகுதான் மெழுகை இளஞ்சூட்டில் இளக்கி, மெல்லிய உளியை நுழைத்து, மெட்டுகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினார். வரிசை மாறாமல் ஒரு பலகையில் அடுக்கினார். இதுவரை எனக்குச் சுலபமாகத்தான் தெரிந்தது. சுரண்டத் தொடங்கியதும் பட்டறையில் பேச்சே நின்றுபோயிற்று. மேல் மெழுகு துண்டு துண்டாக வந்துவிடுகிறது. மரத்தோடு ஒட்டிய கடைசிப் படலம்தான் பாடு. விரல் வழுக்கிப் போகத் தடவும் எண்ணெயும் தூசியும் அதற்குள் இறங்கி இறுகிக் கிடக்கின்றன. கொஞ்சம் விட்டுவைத்தாலும் புது மெழுகு பிடிக்காது. அழுத்திச் சுரண்டினால் பலா நார் பிய்ந்துவிடும். கத்தியைப் படுக்கையாகப் பிடித்து, நாரின் போக்கிலேயே இழுத்தார். எடுத்த மெழுகை எறியவில்லை. உருக்கித் துணியில் வடிகட்டிப் புது மெழுகோடு சேர்க்கிறார்கள்.

கிடார் போல மெட்டுகளை மரத்திலேயே அடித்து இறுக்கிவிட்டால் இவ்வளவு பாடு இல்லையே என்று தோன்றும். நானும் கேட்டேன்.

“சுருதிக்கு நகத்தணுமே” என்றார்.

விரல் அழுத்தும்போது தந்தியின் இழுவிசை ஏறிச் சுருதியும் சற்றே உயரும். எவ்வளவு உயரும் என்பது தந்தியின் தடிமன், மெட்டின் உயரம், வாசிப்பவரின் கையழுத்தம் எல்லாவற்றையும் பொறுத்தது. அதனால் கணக்குப் போட்டு மெட்டு வைக்க முடியாது. காதில் கேட்டுக் கேட்டு மயிரிழை அளவு நகர்த்த வேண்டும். அந்த நெகிழ்ச்சியை மெழுகுதான் தருகிறது. அதற்கு ஈடாகச் சித்திரை வெயிலில் இளகும், காலம் போனால் வறண்டு விடும். மறுபடி கழற்றிக் கட்டவே இந்த வாத்தியத்தை வடிவமைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். கழற்றுவதைப் பழுதுபார்ப்பு என்று ஒதுக்குவது தவறு. வீணை செய்வதில் அதுவும் பாதி.

கூலியில் மட்டும் அந்தப் பாதி தெரிவதில்லை. மேளம் கட்டுவதற்கு ஒரு தொகை பேசுகிறார்கள், சுரண்டுவது அதற்குள் அடக்கம். யாளியும் பூ வேலையும் கண்ணுக்குத் தெரிவதால் செதுக்கக் கற்றுக்கொள்ளப் பையன்கள் வருகிறார்கள். “சுரண்டச் சொன்னா ரெண்டாம் நாள் வரமாட்டான்” என்றார் ஆசாரி. மேளம் கட்ட வீணை கொடுக்கும் நாம் கழற்றும் கூலியைத் தனியாகக் கேட்டு, தனியாகக் கொடுக்கலாம். மெட்டுகளை அரத்தால் சமன் செய்து புது மெழுகில் ஏற்றும் வேலை சுரண்டி முடித்த பிறகுதான் தொடங்குகிறது.