வெள்ளைப் படகில் வார்னிஷ் பொட்டு

மகாராஷ்டிரக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் டிராம்பே கோலிவாடா என்ற மீனவர் குடியிருப்பில் மீனவர்களைவிடப் படகு பழுதுபார்க்கும் மிஸ்திரிகளுக்குத்தான் வேலை அதிகம். பக்கத்திலேயே சீத்தா கேம்ப். அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை 1976இல் காலிசெய்து, மக்களை இங்கே குடியமர்த்தினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். நான் தேடிப் போன மிஸ்திரியும் கேம்ப்காரர்தான். தாராவியில் கட்டில், பீரோவுக்கு பாலிஷ் போட்டுக் கை பழகியவர்.

கரையேற்றியிருந்த ஃபைபர் படகின் கேபின் கதவுக்கு யாரோ வார்னிஷ் அடித்திருந்தார்கள். காற்று வீசும் நேரம் போலிருக்கிறது. வெள்ளைப் பக்கவாட்டில் பழுப்புப் பொட்டுகள், சில வால் நீண்டு வழிந்து உறைந்திருந்தன.

"ஈரமா இருக்கும்போதே டர்பன்டைன் துணியால ஒத்தி எடுத்திருந்தா இந்தப் பாடே இல்ல தம்பி," என்றார் மிஸ்திரி. காய்ந்துவிட்டால் கதை வேறு. கையாள் பையன் இரும்புத் தகட்டை எடுக்க, "ஏலே, அத வையி" என்று அதட்டினார். ஃபைபரின் மேல்தோலான ஜெல்கோட் அரை மில்லிமீட்டர்தான் வரும். தகட்டின் முனை கீறினால் வார்னிஷோடு அதுவும் போகும். செல்லாத ஏடிஎம் கார்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினார். தடித்த பொட்டுகள் சில்லுச் சில்லாகத் தெறித்தன. ஒட்டிக்கொண்ட மிச்சத்துக்கு அசிட்டோன் நனைத்த துணி: ஒரு துடைப்பு, உடனே காய்ந்த துணி. ஊறவிடக் கூடாது. பெயிண்ட் உரிக்கும் திரவத்தை அவர் கிட்டவே சேர்ப்பதில்லை. அது ஜெல்கோட்டையே இளக்கிவிடும்.

துடைத்த துணியெல்லாம் தாராவித் தையல்கூடத்தின் சிந்தி, அதாவது வெட்டுத்துணி. வார்னிஷ் துணியைச் சுருட்டிப் போடாமல் வாளித் தண்ணீரில் அமுக்கினார். ஆளி எண்ணெய் கலந்த வார்னிஷ் காயும்போது சூடாகும். குவியலாகக் கிடந்தால் தீக்குச்சியே இல்லாமல் பற்றும். அசிட்டோன் ஆவிக்கும் ஒரு பொறி போதும். அவர் வாயில் பீடி இருந்தது. பற்றவைக்கவில்லை.

எனக்கு வேலை முடிந்ததாகத் தோன்றியது. அவருக்கு அப்போதுதான் ஆரம்பம். பொட்டு இருந்த இடத்தில் மங்கிய நிழல் தங்கியிருந்தது. ரப்பர் கட்டையில் 800 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்தார். வெறும் விரலால் அழுத்தினால் குழி விழுமாம். பிறகு 1200, 1500, கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். தண்ணீரில் பால்போல வெள்ளை கரைந்தது, கரைவது ஜெல்கோட். எப்போது கையை நிறுத்துவது என்பதை அந்த வெள்ளையைப் பார்த்தேதான் முடிவுசெய்தார்.

சிக்கல் அதற்கப்புறம். வெயில் பட்டுப்பட்டு மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு பூத்துக் கிடக்க, தேய்த்த இடம் மட்டும் புதுசாகப் பளபளத்தது. பழுப்புப் பொட்டு போய் வெள்ளைப் பொட்டு வந்துவிட்டது! கண்ணுக்கு இதுதான் அதிகம் உறுத்தும். ஆகவே கேபினிலிருந்து முன்மூக்குவரை முழுப் பக்கத்துக்கும் காம்பவுண்ட் போட்டு மெழுகு பூச வேண்டும். பொட்டு எடுப்பதற்கென்று பேசிய கூலியில் இதெல்லாம் சேர்த்தியில்லை.

சாயங்காலம் படகுக்காரர் வந்தார், கோலி சமூகத்தவர். மினுங்கும் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுற்றி மறுபக்கம் போனார். அங்கே வார்னிஷே சிந்தவில்லை. "இது ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு?" என்று இந்தியில் கேட்டார். மிஸ்திரி பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, அந்தப் பக்கத்துக்கான கூலியைச் சொன்னார்.